தக்கலைக்கும் கொளச்சலுக்கும் நடுவே

இடது காலையும் தூக்கி ஓட்டு மேல் வைத்தாயிற்று. இனி ஏணி கீழே, ரோஸ்லெட் மேலே. அம்மாடியோ, இவ்வளவுதானா! இதுக்குத்தானா இத்தனை வருஷமும் ஊரார் வீட்டு முற்றத்தில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தது என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கால் சறுக்கும், வாயை மூடு சவமே என்று தன்னையே திட்டிக்கொண்டு குனிந்து இரண்டு கையையும் ஓட்டில் ஊன்றினாள். நேற்றுப் பெய்த மழையில் ஓடு இன்னும் குளிர்ந்துதான் கிடந்தது. பாசி வாசம் மூக்குக்கு நேராக வந்தது, கிணற்றுக்குள் தலையை நீட்டினால் வருமே அந்த வாசம். முற்றத்திலிருந்து புருசன் டென்னிசன், “எடி, ஓட்டுக்க நடுவுல சவுட்டாத, ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கிய எடத்துல பாத்துச் சவுட்டு” என்று கத்தினான். அது அவளுக்குத் தெரியாதா? ஓடு ஓட்டின் மேல் ஏறிக் கிடக்கிற இடத்துக்கு அடியில்தான் மரச்சட்டம் ஓடும், அங்கே மிதித்தால் தாங்கும், நடுவில் மிதித்தால் டப்பென்று உடைந்து கால் வீட்டுக்குள் தொங்கும். அப்படித்தான் ஒரு கல்யாண வீட்டில் டென்னிசனின் கால், பெண்ணுக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்த அறைக்குள் தொங்கியது. உள்ளே பெண்டுகள் போட்ட கூச்சலில் பந்தலில் இருந்தவர்கள் பாம்பு என்று நினைத்துக் கம்பெடுத்துக்கொண்டு ஓடினார்கள். அதை நினைத்ததும் மறுபடியும் சிரிப்பு. இன்றைக்கு இந்தச் சிரிப்பே தன்னைத் தள்ளிவிடப் போகிறது என்று பயமாகவும் இருந்தது, அந்தப் பயமும் என்னவோ இனித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு கை, ஒரு கால், பிறகு அடுத்த கை. டென்னிசனின் பழைய சட்டையின் கை நீளம், அதை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தாள். சுடிதார் பேண்டை முழங்காலுக்குக் கீழே சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். பார்க்கிறவன் என்ன வேணும்னாலும் நினைச்சுக்கிடட்டு. முகட்டைப் பிடித்தாள். பிடித்துத் தலையைத் தூக்கினாள்.

தூக்கினால், ஏசுவே, ஊர் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது! தென்னை மண்டைகள், ரப்பர் தோட்டம், பள்ளிவாசல் கோபுரம், மாதா கோயில் சிலுவை, எல்லாம் அவள் கண்ணுக்கு நேராக. மார்த்தாண்டத்துப் பக்கம் பஸ் ஊளையிடுகிறது, ஆனால் பஸ்ஸைக் காணோம், வாழைத் தோப்புகளுக்கு நடுவே சத்தம் மட்டும் போகிறது. தெற்கே, ரொம்பத் தூரத்தில், நீலக் கோடு மாதிரி ஒன்று. கடலா அது? கடலேதான். இந்த நட்டாலத்தில் நின்றால் கடல் தெரியுமென்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. டென்னிசன்கூடச் சொன்னதில்லை. இத்தனை கூரையில் ஏறியிறங்கிய மனுசன், சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து முதுகு வலி, வெயில், ஓடு சுடுது, வீட்டுக்காரன் ஒரு சாயா தரல்ல என்றெல்லாம் சொல்வானே தவிர, இன்னைக்கு நான் கடலைப் பாத்தேன் ரோசு என்று ஒருநாள் சொன்னது உண்டா? இதை இவ்வளவு நாளும் ஒத்தைக்குப் பொத்தி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறானே, கள்ளன்! கோபம் வந்தது, கூடவே சந்தோஷமும் வந்தது, எது முதலில் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்பவைத்தது. சின்ன வயதில் கொல்லமா மரத்தில் ஏறினதுக்கு அம்மை விறகுக் கம்பால் அடித்தாள், பெண்பிள்ளைக்கு மரத்துல என்ன சோலி என்று. அப்போது அடி வலித்ததைவிட, உச்சிக் கிளைக்கு இன்னும் ஒரு எட்டுதானே மிச்சம் என்பதுதான் வலித்தது. இறக்கிக் கொண்டுபோய் அண்டியாபீசில் விட்டார்கள். அங்கே முந்திரிக் கொட்டை உடைத்து உடைத்து, அந்தப் பால் பட்டுப் பட்டுக் கைவிரல் பத்தும் வெந்து கறுத்துத் தோல் உரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் உடைத்தாள். டென்னிசனுக்கு டிவிக்கு டிஷ் மாட்டுகிற வேலை பிடிபட்டு, கூட ஒரு ஆள் வேணும், நீயே வா என்று அவன் கூப்பிட்ட அன்றைக்குத்தான் விரலில் புதுத்தோல் வர ஆரம்பித்தது.

“பிள்ள, பாத்துட்டு நிக்காத, சோலியப் பாரு. தல சுத்துதா?” என்றான் டென்னிசன். “எனக்கு ஒண்ணும் சுத்தல்ல” என்று சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லை வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. சுற்றுகிறது அவனுக்குத்தான். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போயிற்று, போகும்போது காதுக்குள் இருக்கிற ஏதோ ஒரு ரசமட்டத்தைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. இனி உயரத்தில் கேறாதீங்க, இது மாறுமா மாறாதா என்று இப்போ சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழித்துறையில் ஒரு வீட்டில் பாதி ஏணியில் வைத்து அது வந்தது. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள்தான் கீழே நின்று அவன் குதிகாலை ஒவ்வொன்றாகப் பிடித்து, இது படி, இங்க வைங்க, இனி இது, இங்க வைங்க என்று பிள்ளைக்கு நடை பழக்குகிற மாதிரி இறக்கினாள். அந்தக் குதிகால் நடுங்கின நடுக்கம் இன்னும் அவள் உள்ளங்கையில் இருக்கிறது. இறங்கி மண்ணில் உட்கார்ந்து அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “யாரிட்டயும் சொல்லாண்டாம்.” அதற்குப் பிறகு வேலைக்கு வந்த விளிகளுக்கெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிப் பார்த்தார்கள். எத்தனை நாளைக்கு நாளைக்கென்று சொல்வது? இன்று காலையில் கஞ்சி குடிக்கும்போது அவளே கேட்டாள், நான் கேறட்டா என்று. அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. கடைசியில் ஒரு தீர்ப்பு மாதிரிச் சொன்னான்: “ஓமனாக்க வீட்டுல இன்னைக்கு நீ கேறு. படம் வந்தா இனி நீ மேல, நான் கீழ. வரல்லன்னா ஏணியும் டிரில்லும் கருங்கல்ல டிஷ் மாட்டிய வில்சனுக்குக் குடுத்துருவோம். நான் தம்பிக்க கோழிக்கடையில நிக்கேன், நீ அண்டியாபீசுக்குப் போ.” சரி என்றாள். யோசிக்காமல், கஞ்சி வாயில் இருக்கும்போதே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொன்னதால்தானோ என்னவோ அவன் நிமிர்ந்து அவளை ஒரு மாதிரிப் பார்த்தான்.

வீட்டுக்காரி ஓமனா முற்றத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். புது டிவி வாங்கி முன்னறையில் மஞ்சள் பொட்டு வைத்து நிறுத்தியிருக்கிறாள். சீரியலில் இன்றைக்குக் கல்யாணம், ஒரு மாசமாக மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாமல் இழுத்தடிக்கிறான், இன்றைக்குக் கட்டிவிடுவான் என்று ஊரெல்லாம் பேச்சு. “மக்கா ரோசு, கட்டியதுக்கு முந்தி படத்தக் கொண்டு வந்துரு, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று கத்தினாள். “கட்டாம எங்க போவான், நான் வரட்டும்னு நிப்பான்” என்றாள் ரோஸ்லெட், குரல் காற்றில் பெரிதாகப் போயிற்று. மேலே நின்று பேசினால் தன் குரல் இப்படியிருக்குமா! படுக்கையறைக்கு மேலே, முகட்டுக்கு ஒரு முழம் கீழே நாலு ஓட்டைக் கழற்ற வேண்டும். முதல் ஓட்டைக் கொக்கி விட்டுத் தூக்கினாள், வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது பாசியில் கையை விட்டு வழுக்கி, கடகடவென்று சரிவில் இறங்கி, முற்றத்துக் கல்லில் விழுந்து சிதறியது. “எம்மோ!” என்று ஓமனா துள்ளினாள். ரோஸ்லெட் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அது நானாக இருந்திருந்தால். தலை முதலில் பட்டிருக்குமா, கை முதலில் பட்டிருக்குமா. இறங்கிவிடு, இப்பவே இறங்கிவிடு, யார் உன்னை ஏறச் சொன்னது என்று ஒன்று சொன்னது. இறங்கினால் அப்புறம் ஏறமாட்டாய், ஜென்மத்துக்கும் ஏறமாட்டாய் என்று இன்னொன்று சொன்னது. எப்போதும் ஒரு ஓடு உடைந்தால் ஊரைக் கூட்டுகிற டென்னிசன் கீழே உடைந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கினான். பிறகு, “ஓடு கொல்லைல வேற கெடக்கு. உனக்கு ஒண்ணும் இல்லியே?” என்றான். இல்லை என்றாள். மூச்சை ஒன்று இழுத்து விட்டாள். மூச்சு விட்டதும், அட, இன்னும் மேலேதானே நிற்கிறோம் என்று மறுபடியும் அந்தப் பொங்கல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தாள். ஓமனாவின் கட்டில், கட்டிலில் மடிக்காத போர்வை, அலமாரி மேலே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எறிந்து வைத்த பழைய பை, தூசி. இனி எல்லாருடைய அலமாரி மேலும் நமக்குத்தான் தெரியும் என்று நினைத்தாள். இதுவரைக்கும் முன்னறைகள்தான் அவளுக்குத் தெரியும். எத்தனை முன்னறை! கல்யாணப் போட்டோ, பிளாஸ்டிக் பூ, டிவிக்குப் போர்த்திய துணி, யாரோ ஒரு பெரியவர் அசையாமல் நாற்காலியில். அவள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பாள், மேலே டென்னிசன் டிஷ் தட்டைத் திருப்புவான், திரையில் இரண்டு கோடு. ஒரு கோடு சும்மாவே நீண்டு நிற்கும், அதை நம்பினால் போச்சு. அடுத்த கோடுதான் படம். அது எழும்பினால் இவள் கத்த வேண்டும், விழுந்தால் கத்த வேண்டும். மீட்டர் வைத்து வேலை செய்கிறவர்கள் வேறே ஜாதி, இவர்களுக்கு வாய்தான் மீட்டர். இடது, வலது என்று சொன்னால் யாருக்கு இடது என்று சண்டை வருகிறது என்று ஆரம்பத்திலேயே அதை விட்டுவிட்டார்கள். படம் தருகிற சாமான் கிழக்கே தக்கலைக்கும் தெற்கே கொளச்சலுக்கும் நடுவில் எங்கேயோ ஆகாசத்தில் நிற்கிறது. அதனால் ‘இச்சிரி தக்கலைக்கு’ என்றால் கொஞ்சம் ஒரு பக்கம், ‘ஒரு நூல் கொளச்சலுக்கு’ என்றால் மறுபக்கம். இவர்கள் வேலை செய்கிற வீட்டுப் பக்கம் போகிறவர்கள், புருசனும் பெண்டாட்டியும் கூரையில் ஒருத்தனும் வீட்டில் ஒருத்தியுமாக நின்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறார்களா என்று கேலி பேசுவார்கள். பேசட்டு. ஊரில் பாதிப் பேர் பார்க்கிற படம் அந்தக் கூப்பாட்டில் வந்ததுதான்.

டிஷ்ஷைத் தாங்குகிற இரும்புக் காலின் அடித்தகட்டைக் கூரைமரத்தில் வைத்து டிரில் போட்டாள். மரம் நல்ல ஆஞ்சிலி, டிரில் கையைப் பிடித்து உலுக்கியது, மரத்தூள் கண்ணில் விழுந்தது, அந்த மரவாசம் சுகமாக இருந்தது. போல்டு இறங்கியது, இறுகியது. காலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் ஜம்மென்று நிற்கிறது. நிற்கிறதா? சரிவிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு சரிவையே நேர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது, இப்போது கோயில் சிலுவையே சாய்ந்து நிற்கிறாற்போலத் தெரிகிறது. சிலுவை சாயுமா? கூரைக்கு நேராக நிற்கிற கால் மண்ணுக்கு நேராக நிற்காதே. காலு கோணினா ஆயுசுக்கும் படம் வராது என்று டென்னிசன் நூறு தடவை சொல்லியிருக்கிறான். ரசமட்டம் கீழே பைக்குள் கிடக்கிறது. கேட்டால் எடுத்துத் தருவான், ஆனால் தருவதற்கு முன்னால், பாத்தியா, மறந்துட்டியே என்று ஒரு வார்த்தை வரும். வேண்டாம். முழங்காலில் கட்டியிருந்த சணலைக் கொஞ்சம் அறுத்து, ஒரு நட்டைக் கட்டித் தொங்க விட்டாள். காற்றில் ஆடியது. நில்லேன் எளவே, நில்லு மக்கா என்று கெஞ்சினாள். காற்று ஒரு நொடி ஓய்ந்தது, நட்டு நின்றது, கால் ஒரு விரல் கிழக்கே சாய்ந்திருந்தது. இடுக்கில் தகட்டுத் துண்டு ஒன்றைச் செருகி மறுபடி முறுக்கினாள். நேர். இப்போது நேர். இதை யாரும் பார்க்கவில்லையே என்று இருந்தது. டென்னிசன் பார்த்திருந்தால் சொல்லாவிட்டாலும் மூக்கால் ஒரு ‘ம்’ போட்டிருப்பான், அந்த ‘ம்’முக்கு ஒரு விலை உண்டு. டிஷ் தட்டைக் கயிற்றில் கட்டி இழுத்தாள். ஓமனாவும் டென்னிசனும் கீழே நின்று தூக்கி விட, அது வெயிலில் பளபளவென்று மேலே வந்தது. கட்டி, மாட்டி, வயரைக் கீழே விட்டாள். டென்னிசன் வயரைப் பிடித்துக்கொண்டு, “ஓமனாக்கா, நீங்க ஏணியப் பிடிச்சிட்டு நில்லுங்க, உள்ள நான் பாக்கியேன்” என்று வீட்டுக்குள் போனான். ஆளைக் காணோம். குரல் மட்டும்.

இனிதான் விளையாட்டு. தட்டின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள். கை சூடாக, உயிரோடு இருந்தது. “தொடங்கட்டா?” “ம், தொடங்கு.” தக்கலைக்குத் திருப்பினாள். “இல்ல.” இன்னும் கொஞ்சம். “இல்ல. இல்ல. ஆகாசத்துக்கு இச்சிரி தூக்கு.” தூக்கினாள். “இல்ல.” அவன் குரலில் ஒரு திணறல் இருந்தது. பாவம், கோட்டைப் பார்த்துப் பழக்கமில்லாதவன், ரிமோட்டை எந்தக் கையில் பிடித்திருக்கிறானோ. மேலே நின்றால் இப்படித்தான் இருந்ததா அவனுக்கு? ஒன்றும் தெரியாமல், கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி, ஒரு குரலை மட்டும் நம்பி? நான் சில நாள் பக்கத்து வீட்டுக்காரியோடு வாய் பேசிக்கொண்டு, சொல்ல மறந்து நின்றிருக்கிறேனே, அப்போதெல்லாம் மேலே வெயிலில் கை கடுக்க நின்று என்ன பாடு பட்டானோ. கொளச்சலுக்குத் திரும்பி வந்தாள், மெல்ல, மயிரிழை மயிரிழையாக. ஆகாசத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் நீலம், அங்கே எங்கேயோ ஒன்று நின்றுகொண்டு படமாய்க் கொட்டுகிறது, அதன் கீழே இந்தச் சட்டியைக் கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வா. வா மக்கா. இங்கதான் எங்கியோ நிக்க, எனக்குத் தெரியும். ஒரு நூல். இன்னும் அரை நூல்.

அப்போது ஓட்டைக்குள்ளிருந்து பாட்டு எழும்பியது. பாட்டு என்றால் முழுப் பாட்டு இல்லை, ஒரு மூச்சு நேரம். டிங் டிடிங் என்று மணியடித்துப் பிறகு பெண்கள் கூட்டமாக ‘ஆ’ என்று இழுப்பார்களே, அது. ஆரம்பித்தது, கழுத்தைப் பிடித்தாற்போல நின்றது. அதன் பின்னாலேயே டென்னிசனின் குரல்: “வரல்ல பிள்ள.” ரோஸ்லெட் அசையாமல் நின்றாள். பக்கத்து வீட்டிலா? பக்கத்து வீடு ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம். யாராவது போன் வைத்துக்கொண்டு ரோட்டில்? ரோட்டில் ஒரு நாய்தான் படுத்துக் கிடந்தது. அந்தப் பாட்டு அவளுக்குத் தெரியும். படம் பிடிபட்டதும் பெட்டி தானாகவே முதலில் போடுகிற கம்பெனிப் பாட்டு அது, எத்தனை முன்னறையில் அதைக் கேட்டுத் துள்ளியிருக்கிறாள். தூக்கத்தில் கேட்டாலும் எழும்பிவிடுவாள். ஆனால் டென்னிசனுக்கு அது தெரியாது. அவன்தான் ஒருநாளும் கீழே நின்றதில்லையே. அவன் இரும்புக் காலை நட்டதும் முதல் வேலையாக ஓட்டை அடைத்துவிட்டுத்தான் தட்டைத் திருப்ப ஆரம்பிப்பான், மழை வந்தால் வீட்டுக்காரன் வைவான் என்று. அவளுக்கு அந்த வரிசை தெரியவில்லை. கால் சரியாக நிற்குமோ நிற்காதோ என்று ஓட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டாள். முதல்நாள் வேலைக்காரி செய்கிற பிழை. ஓட்டு வீட்டில் உள்சுவர் கூரை வரைக்கும் போகாது, முன்னறையில் தும்மினால் படுக்கையறையில் கேட்கும். கேட்டுவிட்டது. இல்லை, நான் சரியாகக் கேட்கவில்லை. வந்தது, உடனே போயிருக்கலாம், காற்றுக்குத் தட்டு அசைந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யமாட்டார். செய்வாரா? “என்னங்க, கோடு கொஞ்சமாவது எழும்பிச்சா?” “இல்ல பிள்ள. ஒண்ணும் இல்ல. இது நடக்காது. எறங்கு, வில்சன விளிப்போம்.”

இறங்கு என்றா சொன்னான்? இவ்வளவு சீக்கிரமா? உச்சி வெயிலில் ஓடு கொப்புளித்துப்போன நாளிலும், இருட்டுக் கட்டும் வரைக்கும், இன்னும் ஒருக்கா பாப்போம், இன்னும் ஒருக்கா பாப்போம் என்று நின்றவன் அல்லவா. ரோஸ்லெட் ஒரு கையால் தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, சட்டத்தில் கன்னத்தை வைத்து, காதை ஓட்டைக்குள் கொடுத்தாள். மரத்தூள் கன்னத்தில் குத்தியது. முதலில் ஒன்றுமில்லை. தன் நெஞ்சின் சத்தம். பிறகு, ரொம்ப ரொம்பச் சின்னதாக, தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீட்டில் வைப்பார்களே அவ்வளவு சத்தத்தில், ஒருத்தி துணி சோப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கறை போகுமாம். எப்பேர்ப்பட்ட கறையும் போகுமாம்.

வந்துவிட்டது! படம் வந்துவிட்டது! நான் கொண்டுவந்த படம்! உடம்பு முழுக்க ஒரு துள்ளல் ஓடியது, அது ஓடி முடியும் முன்பே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றது வந்தது. அப்படியானால் அவர் பொய் சொல்கிறார். என்னிடம். அங்கே உட்கார்ந்துகொண்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, வரல்ல பிள்ள என்கிறார். பாவி மனுசா! கண் எரிந்தது. இப்போது ஒரு கத்து கத்தினால் போதும், ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஓமனா உள்ளே ஓடுவாள், அங்கே சோப்புக்காரி சிரித்துக்கொண்டு நிற்பாள், கையில் ரிமோட்டோடு இவன் நிற்பான், மார்த்தாண்டம் சந்தை வரைக்கும் நாளைக்கு இதுதான் பேச்சு. கத்து. கத்துடி. என்னைத் திரும்ப அந்த அண்டியாபீசுக்கு அனுப்பத்தானே இது? விரல் வெந்து கறுத்தது உனக்குத் தெரியாதா, நீதானே தேங்காயெண்ணெய் போட்டுத் தடவி விட்டாய்? வாய் திறந்துவிட்டது. ஆனால் உள்ளங்கையில் அந்தக் குதிகால் நடுங்கியது. எத்தனை கூரை ஏறிய குதிகால்! மேலே காற்று, மேலே கடல், மேலே தலைக்கு மேல் ஒன்றுமில்லாத இந்தச் சுகம், இத்தனையும் அவனுடையதாக இருந்தது. இதில் அரை மணி நேரம் நின்ற எனக்கே இறங்க மனசு வரவில்லையே, ஆயுசு பூராவும் நின்றவனைக் காது ஒன்று இழுத்துக் கீழே போட்டுவிட்டது. இப்போது பெண்டாட்டி மேலே நின்று சிரிக்கிறாள், அவன் ஆரோ ஒருத்தியின் முன்னறையில் நின்று ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அழுகை வந்தது அவளுக்கு, அவன் மேல் இருந்த ஆத்திரத்திலும் அவன் மேல் இருந்த பிரியத்திலும் சேர்ந்தே வந்தது. ஆனால் இறங்க மாட்டேன். பாவம் பார்த்து இறங்கினால் அது அவனுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. அழுவேன், இறங்க மாட்டேன்.

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள். தட்டு ஒரு மயிரிழை நகராமல் முழங்காலால் தாங்கிக்கொண்டு, முதல் நட்டை முறுக்கினாள். நட்டு கிரீச் என்றது. இன்னும் ஒரு சுற்று. படம் வராமல் நட்டை முறுக்குகிறவன் மடையன் என்பது டென்னிசனின் வாய்ப்பாடு. அந்தக் கிரீச் அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும், இரும்புக் கால் வழியாகக் கூரைமரத்தில் இறங்கி, வீடு முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டாவது நட்டு. “என்னடி செய்யிய மேல?” குரல் முன்னறையில் இல்லை, பக்கத்தில் வந்திருந்தது. குனிந்து பார்த்தாள். ஓட்டைக்கு நேர் கீழே, ஓமனாவின் கட்டில் அருகில், டென்னிசன் அண்ணாந்து நின்றான். கையில் ரிமோட். அண்ணாந்ததில் தலை சுற்றியிருக்க வேண்டும், ஒரு கையால் அலமாரியைப் பிடித்திருந்தான். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன. அவன் முகம் வேர்த்திருந்தது. அவள் கத்தவில்லை. ஊருக்குக் கேட்காமல், ஓமனாவுக்குக் கேட்காமல், அந்த ஓட்டைக்குள் மட்டும் போகிற அளவுக்குச் சொன்னாள்.

“முறுக்கியேன். சவுண்ட இச்சிரி கூட்டி வையுங்க. எனக்கும் கேக்கட்டு.”

டென்னிசன் அசையவில்லை. அலமாரியைப் பிடித்த கை அப்படியே இருந்தது. ரோஸ்லெட் மூன்றாவது நட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டு முறுக்காமல் காத்திருந்தாள். வெளியே ஓமனா, “மக்களே, எனக்கக் கை கடுக்குது, வந்துட்டா இல்லியா?” என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்தான். ஓட்டை வழியாக அவள் கண்ட உச்சந்தலை மெல்ல நகர்ந்து முன்னறைப் பக்கம் போயிற்று. பிறகு சத்தம் எழும்ப ஆரம்பித்தது. படி படியாக, ஒவ்வொரு படியாக, முதலில் சோப்பு, பிறகு பற்பசை, பிறகு கெட்டிமேளம், நாதஸ்வரம் என்று வீட்டை நிறைத்து, திறந்த நாலு ஓட்டின் வழியாகப் பீறிட்டு வந்து, ரோட்டில் கிடந்த நாய் எழுந்து ஓடுகிற அளவுக்கு எழும்பியது. “எம்மோ, கட்டியானே, தாலி கட்டியானே!” என்று ஓமனா ஏணியை அந்தரத்தில் விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். ரோஸ்லெட் மூன்றாவது நட்டை இறுக்கினாள். மறுபடியும் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை இப்போது அவள் அடக்கவில்லை.

உடைந்ததுக்குப் பதிலாக நாலாவது ஓட்டை வாங்குவதற்காக அவள் சரிவின் விளிம்புக்கு இறங்கி வந்தபோது, டென்னிசன் கொல்லையிலிருந்து ஓட்டை எடுத்துக்கொண்டு வந்து ஏணியடியில் நின்றான். முதல் படியில் கால் வைத்தான், எடுத்தான். மண்ணில் நின்றபடியே இரண்டு கையாலும் ஓட்டைத் தலைக்கு மேல் தூக்கி நீட்டினான். அவள் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டு அதை வாங்கினாள். அவன் கையை உடனே எடுக்கவில்லை. மேலே பார்க்காமலேயே, “கடலு தெரியுதா?” என்று கேட்டான்.